கார்பரேட்டர் மாருதி 800: வாங்குமுன் எதைப் பார்க்கணும்?

கேள்வி: 1998 மாடல், கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பாகம்) வண்டி, எஃப்சி (தகுதிச் சான்று) 2028 வரை இருக்கு. மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நானே என்னென்ன பார்த்துடலாம்?

பதில் 1: இன்ஜின் நல்லா ஆறியிருக்கும்போது போங்க. ரேடியேட்டர் மூடியைத் திறங்க. தண்ணி துருநிறமா இருந்தா கூலன்ட் ஊத்தாம வெறும் தண்ணியிலயே ஓட்டியிருக்காங்க. ஆயில் மூடிக்கு அடியில பால் காபி நிறத்துல பசை திரண்டிருந்தா ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சீல்) சந்தேகப்படணும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, சூடேறுற வரைக்கும் ஐடிலிங்ல (ஆக்சிலரேட்டரை மிதிக்காம) விடுங்க. ரேடியேட்டர் ஃபேன் தானா ஓடி தானா நிக்கணும். ஓடலைன்னா ஃபேன் சுவிட்ச் வயர் ரெண்டையும் கழற்றி ஒண்ணா சேருங்க. அப்ப ஓடினா சுவிட்ச் மட்டும்தான் கோளாறு, சின்னச் செலவு. சில வண்டியில தெர்மோஸ்டாட்டையே (சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடுற வால்வு) கழற்றிப் போட்டிருப்பாங்க. ரொம்பத் தப்பு. இன்ஜின் சரியா சூடேறாது, பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. ஆனா இன்ஜினைவிட தகரம்தான் முக்கியம். 796 சிசி இன்ஜினுக்கு உதிரி கிடைச்சுடும், உளுத்த பாடிக்கு வெல்டிங் ஓயாது. மேட்டைத் தூக்கி ஃப்ளோரைப் பாருங்க, ஸ்டெப்னி குழியையும். புதுசா கருப்பு அண்டர்கோட்டிங் (அடிப்பக்கப் பூச்சு) அடிச்சிருந்தா துருவை மறைச்சிருக்கலாம், தட்டிப் பாருங்க.

பதில் 3: ஆர்சியில சேஸி நம்பர் பொருந்துதா, ஹைப்பாதிகேஷன் (வண்டிக் கடனுக்கான அடமானப் பதிவு) நீக்கியிருக்கான்னும் பாருங்க. இதெல்லாம் தேறினா தாராளமா வாங்குங்க. பிளக் சுத்தம் பண்றது, ஐடிலிங் வைக்கிறது எல்லாம் வீட்டு வாசல்லயே முடியும். அந்த சுகம் புது வண்டியில கிடையாது.