சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு: 32 / 64 ஜிபி நெட்புக் அனுபவங்கள்

சர்வீஸ் மேசை:

குறைந்த விலை நெட்புக் என்று கேட்டால் இன்று மூன்று ரகம் கண்ணில் படும். செலரான் என்4020 அல்லது என்4500, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (ஸ்டோரேஜ் சிப்) போட்ட விண்டோஸ் மெஷின் ஒன்று. 2014-15 காலத்து எச்பி ஸ்ட்ரீம் 11, ஆசஸ் எக்ஸ்205டிஏ மாதிரியான 32 ஜிபி மெஷின்கள் இன்னொன்று. செகண்ட் ஹேண்டில் இன்றும் கைமாறுகின்றன. மூன்றாவது, ஜியோபுக் போன்றவை. 2023-ல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக்கில் இருப்பது மீடியாடெக் எம்டி8788, அதாவது ஆண்ட்ராய்டு வகைச் சிப். வீடியோ பாடம், பிரவுசர் வேலைக்கு ஆகும். ஆனால் அதில் விண்டோஸ் ஏற வழியே இல்லை. டேலி போட வேண்டும், காலேஜ் சாஃப்ட்வேர் ஓட வேண்டும் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

விண்டோஸ் மெஷின் என்று முடிவானால், கடையிலேயே டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்க் டிரைவ்ஸ் வரியைப் பாருங்கள். "டிஎஃப்4064", "எச்பிஜி4" என்று புரியாத எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் இருந்தால் அது மதர்போர்டில் சால்டர் செய்த இஎம்எம்சி. கழற்றி மாற்ற முடியாது. எஸ்எஸ்டி என்று விற்பனையாளர் சொன்னாலும் நம்ப வேண்டியது இந்த வரியைத்தான். 64 என்று எழுதியிருப்பது விண்டோஸில் 58 சொச்சம் ஜிபியாகத் தெரியும். விண்டோஸ் 11-ம் அதன் ரிசர்வ் இடமும் போக, புது மெஷினில் பாதிதான் உங்களுக்கு.

"128 ஜிபி" என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் 64 இஎம்எம்சி + 64 கார்டு என்று எழுதும் விளம்பரங்களும் உண்டு. "1 டிபி கிளவுட்" என்பது ஒரு வருட சந்தா. அதை ஸ்டோரேஜ் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கீழ்ப்புற மூடிக்குள் எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. ஒரே பெயரில் வரும் மாடலிலேயே ஒரு போர்டில் ஸ்லாட் இருக்கும், இன்னொன்றில் கனெக்டர் இல்லாமல் வெறும் தடம் மட்டும் இருக்கும். மாடல் பெயரோடு முழு பார்ட் நம்பரையும் வைத்துத் தேடுங்கள். ஸ்லாட் உள்ளதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம், தப்பில்லை. ரேம் 4 ஜிபிக்குக் கீழ் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்து வாங்கவும்.

---

குறடு:

எம்.2 பற்றி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விலை மெஷின்கள் பலவற்றில் அந்த ஸ்லாட் சாட்டா வகை எஸ்எஸ்டிக்கு மட்டும்தான். இன்னொரு வகையான என்விஎம்இ ஸ்டிக்கைச் செருகினால் மெஷினுக்கு அது தெரியவே தெரியாது. சாட்டா ஸ்டிக்கில் பொதுவாக இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இயில் பெரும்பாலும் ஒன்று. நீளமும் முக்கியம்: 2242 (42 மிமீ நீளம்) போடும் இடத்தில் 2280 (80 மிமீ) வாங்கிவிட்டால் ஸ்க்ரூ துளையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும்.

மூடியைக் கழற்றும்போது ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை மறந்துவிட்டு நெம்பினால் ஓரக் கொக்கி உடையும். உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது.

இனிமேல்தான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் இன்ஸ்டால் செய்தாலும், இஎம்எம்சியில் பழைய பூட் பார்ட்டிஷன் இருந்தால் செட்டப் அதையே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில், பூட் ஆவது இஎம்எம்சியிலிருந்து. எல்லாம் சரியாக ஓடுவதுபோல் இருக்கும். இரண்டு வருடம் கழித்து இஎம்எம்சி செத்தால் நல்லாயிருக்கிற எஸ்எஸ்டியும் எழுந்திருக்காது. அதனால் இன்ஸ்டால் முடியும்வரை பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மெஷின் செட்டிங்) இஎம்எம்சியை டிசேபிள் செய்துவிடுங்கள். அந்த ஆப்ஷன் இல்லாத மெஷினில், இன்ஸ்டால் முடிந்ததும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, இஎஃப்ஐ பார்ட்டிஷன் (அதுதான் பூட் பார்ட்டிஷன்) எந்த டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பயாஸைத் தொடும் முன்னால் ஒன்று. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கலாம், பயாஸை மாற்றியபின் அது கீ கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் போய் 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

---

வெள்ளிக்கிழமை அப்டேட்:

ஸ்லாட் இல்லாத 64 ஜிபி மெஷினை என்ன செய்வது என்றுதான் பாதிப் பேர் கேட்கிறார்கள். செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் எஸ் மோடில் (ஸ்டோர் ஆப் மட்டும் ஓடும் விண்டோஸ்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டே திறக்காது. ஸ்டோர் வழியாக இலவசமாக வெளியே வரலாம், ஆனால் திரும்பப் போக முடியாது. போக வேண்டிய தேவையும் வராது.

வெளியே வந்ததும் அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து "காம்பேக்ட்" கட்டளையை, "காம்பேக்ட்ஓஎஸ்", "ஆல்வேஸ்" சேர்த்து (compact /compactos:always) ஓட விடுங்கள். சிஸ்டம் ஃபைல்களைச் சுருக்கியே வைக்கும். 2-லிருந்து 3 ஜிபி வரை மிச்சமாகும். கொஞ்ச நேரம் பிடிக்கும், சார்ஜரைச் செருகிவிட்டுச் செய்யுங்கள். இஎம்எம்சி மெதுவாகப் படிப்பதால், சுருக்கிய ஃபைலை விரிக்கும் வேலை என்4020-க்கே பெரிய சுமையாகத் தெரியாது.

அடுத்து ஹைபர்னேட், அதாவது ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷினை அணைப்பது. முழு ஹைபர்னேட் ஃபைல் ரேமில் 40 சதவீதம் பிடிக்கும், அதாவது 4 ஜிபி மெஷினில் 1.6 ஜிபி. "பவர்சிஎஃப்ஜி" கட்டளையில் (powercfg /h off) ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் அது கைக்கு வரும். ஆனால் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகும் மெஷினில் இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். மாடர்ன் ஸ்டாண்ட்பை மெஷின் மூடினாலும் முழுதாகத் தூங்காது; ஹைபர்னேட்டும் இல்லையென்றால், மூடி வைத்தபடியே பேட்டரியைக் குடித்து முடித்துவிடும். மேசையிலேயே இருக்கும் மெஷினுக்கு மட்டும் செய்யலாம்.

ரிசர்வ்டு ஸ்டோரேஜ் என்று 7 ஜிபி அளவுக்கு விண்டோஸ் அப்டேட்டுக்காக ஒதுக்கி வைக்கும். டிஸ்ம் கட்டளையில் அதை அணைக்க முடியும், பல வீடியோக்களில் அணைக்கச் சொல்கிறார்கள். அணைத்தால் சிவப்புக் கோடு நீலமாகும், மனசு குளிரும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் இடமில்லாமல் பாதியில் நின்று, திரும்பத் திரும்ப டவுன்லோட் ஆகி, இருக்கிற நெட்டையும் தின்னும். மற்ற எதை அணைத்தாலும் இதை விட்டுவிடுங்கள்.

ஒன்டிரைவில் "ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்" (திறக்கும்போது மட்டும் ஃபைல் இறங்கும்) ஆனில் இருக்கட்டும். வாட்ஸ்அப், டெலிகிராம் டெஸ்க்டாப் இரண்டிலும் மீடியா ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். குடும்ப குரூப் நாலு இருந்தால் ஒரு மாதத்தில் ஜிபி கணக்கில் வீங்கும். ஆபீஸ் முழுசாகப் போட்டால் 4 ஜிபி. கடிதம், சின்னக் கணக்கு மட்டும் என்றால் பிரவுசரில் ஓடும் ஆபீஸே போதும்.

வருடாந்திரப் பெரிய அப்டேட் வரும்போது இடம் கேட்டால், 10 ஜிபிக்கு மேல் காலியுள்ள பென் டிரைவைச் செருகுங்கள், தற்காலிக இடமாக அதை எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் "விண்டோஸ்.ஓல்ட்" பல ஜிபி பிடித்துக்கொண்டு கிடக்கும். 10 நாளில் தானாகப் போகும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்றால் ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் போய் அன்றைக்கே அழிக்கலாம்.

---

சர்வீஸ் மேசை:

ரிசர்வ்டு ஸ்டோரேஜ் விஷயத்தில் தம்பி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். சுத்தமாக விண்டோஸ் போடப் போகிறவர்கள், அழிக்கும் முன் டிஸ்ம் வழியாக டிரைவர்களைப் பென் டிரைவுக்கு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பெயர் தெரியாத பிராண்டு மெஷின்களுக்கு வெப்சைட்டில் டிரைவர் கிடைக்காது. டச்பேடு, வைஃபை, ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்து போனால் நெட்டுக்கும் வழியில்லை, மவுஸுக்கும் வழியில்லை.

---

எஸ்டி கார்டு:

கார்டு போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்களுக்கு. நெட்புக் ஸ்லாட் பலவும் உள்ளே யுஎஸ்பி 2.0-வில் தொங்குகிறது. 100 எம்பி வேகக் கார்டு போட்டாலும் 35-40 எம்பிக்கு மேல் வராது. 2 ஜிபி வீடியோ ஒன்றைக் காப்பி செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏ2 (ஏ1-க்கு மேலான வேகக் குறி) கார்டுக்கு என்று அதிகப் பணம் கொடுக்காதீர்கள். அந்த வேகத்துக்கு ரீடரும் ஒத்துழைக்க வேண்டும், இந்த மெஷின்களில் பெரும்பாலும் ஒத்துழைக்காது. நல்ல பிராண்டில் ஏ1 போதும்.

வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ (லினக்ஸில் எஃப்3) ஓட்டி, கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். போலிக் கார்டு 256 என்று காட்டும், உள்ளே 32தான் இருக்கும். அந்த அளவு தாண்டியதும் முன்பு எழுதியது காணாமல் போகும். ஃபோட்டோக்களை ஏற்றிய பிறகு கண்டுபிடித்தால் பிரயோஜனமில்லை.

என்டிஎஃப்எஸ்-ஆக ஃபார்மேட் செய்து, டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் டேப் வழியாகக் கார்டுக்கு மாற்றுங்கள். பிரவுசர் புரொஃபைலையும் ஆப்டேட்டாவையும் மாற்றாதீர்கள். அவை ஆயிரக்கணக்கில் துண்டு துண்டாக எழுதுபவை, கார்டு அதில் திணறும். சில மெஷினில் ஸ்லீப்பிலிருந்து எழும்போது கார்டு ஒரு நொடி கழன்று திரும்ப வரும். அந்த நேரத்தில் டவுன்லோட் ஓடிக்கொண்டிருந்தால் ஃபெயில் ஆகும்.

---

டெபியன் பக்கம்:

32 ஜிபி மெஷின்களை யாரும் தொடவில்லையே. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது. ஆக இவற்றுக்கு லினக்ஸ்தான்.

எக்ஸ்205டிஏவில் இருக்கும் ஆட்டம் இசட்3735எஃப் 64 பிட் சிப், ஆனால் மெஷினை பூட் செய்யும் யுஇஎஃப்ஐ 32 பிட். பல டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் வகைகளின்) 64 பிட் பென் டிரைவைச் செருகினால் பூட் மெனுவில் பெயரே வராது. பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள். டெபியன் 12-ன் சாதாரண 64 பிட் இமேஜிலேயே 32 பிட் பூட் ஃபைல் இருக்கிறது, நேராக எழும். எச்பி ஸ்ட்ரீம் 11-ல் இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை: விண்டோஸ் 8.1 காலத்து சில மெஷின்களில் "ரெகவரி" பார்ட்டிஷனுக்குள்தான் விண்டோஸே சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். இடம் பிடிக்கிறதே என்று அதை மட்டும் அழித்தால் மெஷின் அன்றோடு சரி. லினக்ஸ் போடுவதாக இருந்தால் முழு டிஸ்க்கையும் அழித்துப் போடுங்கள்.

டெபியனில் லேசான டெஸ்க்டாப்பான எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ. இன்ஸ்டால் ஆனதும் நான்கு மாற்றம். இசட்ரேம் (ரேமில் இருப்பதைச் சுருக்கி வைப்பது) போடுங்கள், 2 ஜிபி ரேமில் அது இல்லாமல் பிரவுசர் நாலு டேபுக்கு மேல் தாங்காது. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தானாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு ஒதுக்கும். டியூன்2எஃப்எஸ்ஸில் 1 சதவீதமாகக் குறைத்தால் 1 ஜிபிக்கு மேல் கிடைக்கும். ஜர்னல் லாகுக்கு 50 எம்பி உச்சவரம்பு. அழித்த இடத்தை இஎம்எம்சிக்குச் சொல்லும், வாரம் ஒருமுறை ஓடும் எஃப்ஸ்ட்ரிம் டைமர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற ஆப் பேக்கேஜ் முறைகள் இரண்டையும் இந்த மெஷினில் சேர்க்காதீர்கள். ஒரு சின்ன ஆப்புக்கு ஒரு ஜிபி ரன்டைம் இறங்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய எஃப்சிஐடிஎக்ஸ்5-ம் (fcitx5) அதற்கான எம்17என்-ம் போட்டால் தமிழ்99 வந்துவிடும். எழுத்துருவுக்கு லோகித் தமிழ் பேக்கேஜ் போதும். நோட்டோ முழுத் தொகுப்பை இறக்கினால் உலகத்து எழுத்தெல்லாம் சேர்ந்து இடத்தைப் பிடிக்கும்.

---

குறடு:

செகண்ட் ஹேண்ட் வாங்கும் முன் இஎம்எம்சி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க முடியுமா?

---

டெபியன் பக்கம்:

முடியும், அதுவும் கடையிலேயே. லைவ் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, எஸ்ஒய்எஸ், பிளாக், எம்எம்சிபிஎல்கே0, டிவைஸ் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் "லைஃப்_டைம்" என்று ஒரு ஃபைல் இருக்கும். எம்எம்சிபிஎல்கே0 என்பது சில மெஷினில் பூஜ்யத்துக்குப் பதில் 1 அல்லது 2 என்று முடியும். ஃபைலைத் திறந்தால் இரண்டு எண். 01 என்றால் 10 சதவீதத்துக்குள்தான் தேய்ந்திருக்கிறது, 02 என்றால் 10-லிருந்து 20, அப்படியே ஏறும். 0பி வந்தால் கம்பெனி சொன்ன ஆயுள் தாண்டிவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் "ப்ரீ ஈஓஎல்" ஃபைலில் 01 இருக்க வேண்டும். 02 என்றால் மாற்றுக்கு வைத்திருக்கும் பிளாக்கில் 80 சதவீதம் தீர்ந்துவிட்டது. லைஃப்_டைமில் 06, 07 காட்டும் மெஷினை நான் விலை பேசவே மாட்டேன்.

பென் டிரைவ் கையில் இல்லையா? டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைல் உருவாக்கி, இன்னொரு பழைய ஃபைலை அழித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதியது காணாமல் போய், அழித்தது திரும்பி வந்திருந்தால் இஎம்எம்சி எழுதுவதை நிறுத்திவிட்டது. ஃபார்மேட் செய்தாலும் அப்படியேதான் இருக்கும்.

---

சர்வீஸ் மேசை:

சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள். பெயரில்லாத மெஷின்களில் 12 வோல்ட், 3.5 மிமீ மெல்லிய பின் அதிகம். பக்கத்தில் டைப்-சி இருந்தாலும் பலவற்றில் அது டேட்டாவுக்கு மட்டும். ரவுட்டர் அடாப்டரிலும் 12 வோல்ட்தான் எழுதியிருக்கும், ஆனால் பின் தடிமன் 5.5 மிமீ, கன்வர்ட்டர் போட்டுச் செருகினாலும் அது 1 ஆம்பியர் என்றால், மெஷின் ஓடும்போது பேட்டரி ஏறாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். 2 ஆம்பியராவது வேண்டும்.