போனஸ் வாங்கிய கையோடு டெய்லர்கள் போய்விடுகிறார்கள், என்ன செய்யலாம்?

புரொடக்‌ஷன்_திருப்பூர்:
பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். வருடா வருடம் இதே கதை. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களில் பலர் திரும்புவதில்லை, திரும்பினாலும் பக்கத்துத் தெரு கம்பெனியில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அதிலும் நல்ல கை உள்ளவர்கள்தான் முதலில் போகிறார்கள். பாதி போனஸைப் பொங்கலுக்குக் கொடுக்கலாம் என்கிறார் முதலாளி. 'மாதத்தின் சிறந்த டெய்லர்' என்று போட்டோ மாட்டியும் பார்த்தோம், ஒருத்தரும் சீண்டவில்லை. வேறு வழி இருக்கிறதா?

சிங்கர்_டெய்லர்:
அண்ணா, நான் போலோ டீ-ஷர்ட்டுக்குக் கழுத்துக்குக் கீழே பட்டன் வருகிற பட்டி வைக்கிறவன். நன்றாகத் தைக்கிறேன் என்பதாலேயே புது ஸ்டைல் வந்தால் என் மெஷினுக்குத்தான் வரும். எங்களுக்குத் தைக்கிற பீஸ் கணக்கில்தான் சம்பளம், கை பழகும்வரை பீஸ் ஏறாது. ரேட்டும் பேசியிருக்க மாட்டார்கள், 'முதலில் தை, அப்புறம் பார்த்துக்கலாம்' என்பார்கள். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்தால் பக்கத்தில் சைடு அடிக்கிற பையனைவிட எனக்குக் குறைச்சல். செவுத்தில் என் போட்டோ தொங்கி என்ன பண்ண? கை பழகுகிற நாட்களுக்குப் பீஸ் எண்ணாமல் ஷிப்ட் சம்பளம் போடுங்கள், ரேட்டை முன்னாலேயே சொல்லுங்கள்.

எச்ஆர்_அக்கா:
போனஸை இழுத்தடிக்கிற யோசனையை முளையிலேயே கிள்ளிவிடுங்கள். தகுதி உள்ளவருக்குக் குறைந்தது 8.33 சதவீதம் என்பது சட்டம், முதலாளியின் அன்பளிப்பு இல்லை. கணக்காண்டு முடிந்து 8 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும், மார்ச்சில் முடிகிற கம்பெனிக்கு நவம்பர்தான் கடைசி, பொங்கல் எங்கே வந்தது? அப்புறம், 5 வருடம் முடித்த நிரந்தரத் தொழிலாளிக்கு வேலையை விடும்போது வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு என்று எத்தனை டெய்லருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? அவரவர் சேர்ந்த தேதியோடு கணக்குப் போட்டுக் கையில் கொடுங்கள்.

லைன்_சூப்பர்வைசர்:
பீகார் பையன்கள் இருந்தால் இன்னொன்று. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்களுக்குச் சத் பூஜை, அதுதான் பெரிய பண்டிகை. 'நாலு நாளில் வா' என்றால் எப்படி வருவான்? பேரை அடித்துவிடுவார்கள் என்று தெரிந்தால் வேறு கம்பெனிக்குத்தான் போவான். திரும்பி வருகிற ரயில் டிக்கெட்டை நாங்களே போட்டுக் கொடுத்துவிடுகிறோம், முக்கால்வாசிப் பேர் வந்துவிடுகிறார்கள்.

புரொடக்‌ஷன்_திருப்பூர்:
ஷிப்ட் சம்பளம் பற்றி முதலாளியிடம் பேசினேன். 'வேண்டுமென்றே மெதுவாகத் தைப்பான்' என்கிறார். எத்தனை நாள் கொடுப்பது நியாயம்?

சிங்கர்_டெய்லர்:
சாதா ஸ்டைலுக்கு மூணு நாள் போதும்ண்ணா, பட்டி காலர் என்றால் ஒரு வாரம். நான் மெதுவாகத் தைத்தால் லைனில் எனக்குப் பின்னால் இருக்கிறவர்களே சத்தம் போடுவார்கள், அவர்களுக்குப் பீஸ் வராதே.