எண் ஒவ்வாத உறுப்புக்கு என்ன பெயர்?

மதுரையிலிருந்து, இழையைத் தொடங்கியவர்:

வணக்கம். எங்கள் கல்லூரி என்.சி.சி. அறையில் கவாத்துக்குப் பயன்பட்ட .303 ரைஃபிள் ஒன்று கிடக்கிறது. தோட்டா அறையில் துளை போட்டு, சுட முடியாதபடி ஆக்கி, 'டி.பி.' ('ட்ரில் பர்ப்பஸ்', அதாவது கவாத்துக்கு மட்டும்) முத்திரை குத்தியது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்கள். தமிழ் விளக்கப் பலகை எழுதும் வேலை என்னிடம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

நேற்று மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பார்த்தோம். பின்கட்டையைச் செருகும் கழுத்தின் வலப்பக்கம் கிரீடம், கீழே என்ஃபீல்டு (இங்கிலாந்துத் தொழிற்சாலை), 1917, மூன்றாம் மார்க் (அதாவது மாதிரி), பக்கத்தில் ஒரு நட்சத்திரம். சரி, 1907-இல் வந்த மூன்றாம் மார்க்கைப் போர் அவசரத்தில் எளிமையாக்கிய வகை இது. ஆனால் குழலின் அடியில் இஷாப்பூர் (வங்காளத்துத் துப்பாக்கித் தொழிற்சாலை) என்றும் 1943 என்றும் இருக்கிறது. தோட்டாப் பெட்டிக்கு முன்னால், முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி. இரண்டாம் போருக்குப் பிறகு இந்தியாவில் மரத்துக்கு வலுவாகச் சேர்த்தது. போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளி அறையைப் பூட்டும் தண்டு) கைப்பிடிப் பின்புறத்தில் ஓர் எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே வேறு எண் குத்தியிருக்கிறார்கள். கீழே உள்ளதுதான் உடலில் இருக்கும் எண். குழல் முனையில் மாட்டிய பூணின் எண் மட்டும் எதனோடும் ஒத்துவரவில்லை.

'கலப்புத் துப்பாக்கி' என்று எழுதிக் காட்டினேன். ஒரு மாணவி, "அப்ப இது டூப்ளிகேட்டா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காத சொல் வேண்டும்.

மேலூரார்:

தம்பி, முதலில் 'துப்பாக்கி'யையே பார்க்க வேண்டும். துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங், தெலுங்கில் துபாகி. அந்த வழியாக நம்மிடம் வந்தது. வான்சிறப்புக் குறளில் 'துப்பாக்கி' இருக்கிறதே என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அது துப்பு + ஆக்கி; துப்பு என்றால் அங்கே உணவு. மழை உணவை ஆக்கித் தருகிறது, அவ்வளவுதான். 'துமுக்கி' என்றோ 'சுடுகலன்' என்றோ எழுதுவதே முறை.

இனி உங்கள் கேள்வி. தொல்காப்பியர் எச்சவியலில் சொல்லை நான்காக வகுத்தார்: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். ஒரே செய்யுளுக்குள் வேறு வேறு ஊர்ச் சொற்கள் கூடி நிற்கின்றன, யாரும் அந்தச் செய்யுளைப் போலி என்று சொல்வதில்லை. உங்கள் ரைஃபிளும் அப்படித்தான். தொழிற்சாலையில் உடன் பிறந்தது இயலுறுப்பு. வேறு தொழிற்சாலையிலிருந்து வந்தது திசையுறுப்பு. எண்ணை மாற்றிக் குத்தியது திரியுறுப்பு. இலக்கணம் கையில் இருக்கும்போது புதுச்சொல்லுக்கு எதற்கு அலைய வேண்டும்?

திருமங்கலத்தார்:

ஐயா, நான் ராணுவத்தில் ஆயுதப் பழுதுபார்ப்பில் இருந்தவன். தொல்காப்பியம் தெரியாது. நாங்கள் சொன்னது 'நம்பர் ஒத்தது', 'நம்பர் ஒவ்வாதது', இரண்டே.

எண் ஏன் ஒக்க வேண்டும் என்பது முதலில் பலகை எழுதுபவருக்குத் தெரிய வேண்டும். வெடிக்கும்போது வரும் பின்னுதைப்பை போல்ட்டில் இருக்கும் பூட்டுக்காதுகள்தான் தாங்குகின்றன. அவை அந்த உடலோடு படிந்து உட்கார வேண்டும். அதனால்தான் போல்ட்டுக்கும் உடலுக்கும் ஒரே எண். வேறு போல்ட் போட்டால் தோட்டாவின் அடிக்கும் போல்ட் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மறுபடி அளக்காமல் விடக் கூடாது. தலையைத் திருகிக் கழற்றி வேறு தலை போடலாம். பிந்தி வந்த நான்காம் எண் ரைஃபிளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்டே தலைகள் இருந்தன. அளந்து சரி பார்த்த பிறகுதான் பழைய எண்ணை அடித்துப் புது எண் குத்துவார்கள். நீங்கள் பார்த்த கோடு அழித்த கோடு இல்லை. 'பார்த்தாயிற்று, சேர்த்தாயிற்று' என்று வைத்த கையெழுத்து.

குழலும் அப்படியே. சுட்டுச் சுட்டு உள்ளே மரை தேய்ந்தால் புதுக் குழல் போடுவார்கள். உடல் 1917, குழல் 1943 என்றால் இருபத்தாறு வருஷம் உழைத்த பிறகு அதற்கு மறுவாழ்வு கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் குறை போல எழுதிவிடாதீர்கள்.

நத்தத்திலிருந்து:

மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனால் சொல் கிடைக்கும். தனித்தனியாக இருந்தால் உதிரி, ஒரே பூவைக் கட்டினால் சரம், பல பூவைச் சேர்த்துக் கட்டினால் கதம்பம். 'கதம்பத் துப்பாக்கி' என்று போடுங்கள். கதம்பத்தைப் போலிப்பூ என்று யாரும் கேட்க மாட்டார்கள், எல்லாருக்கும் புரியும்.

மேலூரார்:

கதம்பம் வடசொல். தவிர, கதம்பத்தில் எந்தப் பூவும் மற்றதற்கு மூலமில்லை. இங்கே உடல் என்று ஒன்று இருக்கிறது, மற்றவை அதற்கு வந்து சேர்ந்தவை. அந்த உறவு சொல்லில் தெரிய வேண்டும்.

'போல்ட்'டையும் விட்டுவிட்டோம். அது தாழ். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்ற தாழ்தான். தாழ்ப்பாள், தாழக்கோல், தாழ்ந்து விழுவதால் தாழ்...

திருமங்கலத்தார்:

இந்தப் போல்ட் தாழ்வதில்லை ஐயா. தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்க வேண்டும்.

மேலூரார்:

மடக்கும்போது கைப்பிடி கீழே இறங்குகிறதா இல்லையா? அதுதான் தாழ்.

சோழவந்தானிலிருந்து:

அண்ணன்மார் இருவரும் பொறுக்கவும். நான் முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தேடுவதுதான் என் அன்றாட வேலை. அதற்கு எங்களிடம் சொல் இருக்கிறது: தாய்ப்பத்திரம். பாகப்பிரிவினை, கிரயம், தானம் என்று எத்தனை பத்திரம் பின்னால் வந்தாலும் தாய்ப்பத்திரத்தோடு கோத்துப் பார்த்தால்தான் கதை நிற்கும்.

உடலில் உள்ள எண்ணைத் தாயெண் என்று சொல்லுங்கள். அதோடு பிறந்தது பிறந்த உறுப்பு. பின்னால் வந்து அதன் எண்ணை ஏற்றுக்கொண்டது புகுந்த உறுப்பு. பிறந்த வீடு, புகுந்த வீடு தெரியாத பிள்ளை மதுரையில் உண்டா? போல்ட்டில் பழைய எண்ணை அடித்துப் புது எண் குத்தியது, கல்யாணமாகி வந்தவளுக்குத் தலைப்பெழுத்து மாறின மாதிரி. அவள் போலி இல்லை.

மதுரையிலிருந்து:

அக்கா, தாயெண் சட்டென்று பிடித்துவிட்டது. மாணவியிடம் சொன்னேன். "அப்ப மத்ததெல்லாம் அதோட ஒத்துப் பாக்கணும், அதானே சார்?" என்றாள். விளக்கம் எதுவும் நான் சொல்லவில்லை.

மேலூரார்:

தாயெண்ணை ஏற்கிறேன். தாய் + எண், புணர்ச்சியும் நன்றாக இருக்கிறது. புகுந்த உறுப்பை ஏற்க முடியாது. இரும்புக்குக் கல்யாணம் எதற்கு? கல்வெட்டியல்காரர்களிடம் நல்ல முன்மாதிரி இருக்கிறது. கோயில் திருப்பணியில் பழைய கல்வெட்டுக் கற்களைக் கலைத்து, சில சமயம் தலைகீழாகக்கூடக் கட்டிவிடுகிறார்கள். படிக்கப் போகிறவர் அதைத் 'துண்டுக் கல்வெட்டு' என்று பதிவார். கல் பொய்யில்லை, இடம்தான் மாறியது. 'இடமாறுறுப்பு' எனலாம்.

நத்தத்திலிருந்து:

'இடமாறுறுப்பு'. நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். நாக்கு சுளுக்குகிறது ஐயா.

திருமங்கலத்தார்:

எனக்கு ஒன்று தோன்றுகிறது. பட்டாளத்தில் மாற்றி, அளந்து, எண் குத்திச் சேர்த்தது ஒரு வகை. பிற்பாடு யாரோ எங்கிருந்தோ எடுத்து மாட்டியது வேறு வகை. போல்ட் முதல் வகை. அந்த முனைப்பூண் இரண்டாம் வகையாக இருக்கலாம். அல்லது அவசரத்தில் எண்ணை மாற்றாமல் மாட்டியிருக்கலாம். இரண்டுக்கும் 'புகுந்த' என்றே சொன்னால் பொறுப்பாக வேலை பார்த்தவனையும் போகிற போக்கில் மாட்டியவனையும் ஒன்றாக்குகிறோம். அதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. 'முனைப்பூண்' நல்ல சொல், அது இருக்கட்டும். உலக்கைப் பூண் பார்த்தவனுக்குக் கண்முன் வந்துவிடும்.

மதுரையிலிருந்து:

வியாழன் இரவு. பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

"உடல்: என்ஃபீல்டு, 1917. இதன் எண்ணே தாயெண். குழல்: இஷாப்பூர், 1943, தேய்ந்த குழலுக்கு மாற்றாகப் புகுந்தது. போல்ட்: வேறு துப்பாக்கியிலிருந்து வந்து, பொருத்திச் சரிபார்த்து, தாயெண் இடப்பட்ட புகுந்த உறுப்பு, அடிக்கப்பட்ட பழைய எண்ணைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். முனைப்பூண்: தாயெண்ணோடு ஒவ்வாதது."

திருமங்கலத்தார் ஐயா சொன்ன வேறுபாட்டுக்காகப் பூணுக்கு 'புகுந்த' போடவில்லை, உங்கள் பழைய 'ஒவ்வாதது' என்பதையே எடுத்துக்கொண்டேன். துப்பாக்கி, போல்ட் இரண்டும் அப்படியே நிற்கின்றன. மேலூர் ஐயா மன்னிக்கவும்.

மேலூரார்:

அச்சுக்குப் போகட்டும். ஆனால் பட்டியலில் என் பெயரில் 'திசையுறுப்பு' என்றும் பதிந்து வையுங்கள். என்ஃபீல்டிலும் இஷாப்பூரிலும் பிறந்தவை ஒன்றாகக் கூடிய பொருளுக்கு அதைவிடப் பொருந்தும் சொல் இன்னும் யாரும் காட்டவில்லை. தாழைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.