புதுப்பிப்பு: பிளாஷ் படங்களில் பின்னணி கறுத்துப்போகும் சிக்கல் தீர்ந்தது

அறைக்குள் பிளாஷ் போட்டு எடுக்கும் படங்களில் முகம் வெளுத்து, பின்னணி முழுவதும் இருண்டுபோவதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

சிக்கலைத் தீர்த்தது, ஷட்டர் வேகத்தைக் குறைக்க, அதாவது ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கச் சொன்னவரின் யோசனைதான். பிளாஷின் ஒளி மிகச் சிறிய கணத்தில் வெளிப்பட்டு முடிந்துவிடுவதால், கேமராவின் சிங்க் வேகத்தை (பிளாஷ் ஒளி படம் முழுவதும் பதியும் உச்ச ஷட்டர் வேகத்தை) தாண்டாதவரை ஷட்டர் வேகம் அதன் அளவை மாற்றுவதில்லை. அறையில் ஏற்கெனவே உள்ள வெளிச்சம் எவ்வளவு பதிவாக வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது. 1/200 நொடியிலிருந்து 1/50 நொடிக்கு இறங்கி, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) 200-லிருந்து 800-க்கு உயர்த்தி, அதற்கு ஈடாகப் பிளாஷின் சக்தியை 1/4-லிருந்து 1/16-க்குக் குறைத்ததும், முகத்தின் வெளிச்சம் மாறாமல் பின்னணி தெளிவாகத் தெரிந்தது.

பிளாஷின் தலையை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பச் சொன்ன யோசனை நிழல்களை மென்மையாக்கியது; ஆனால் ஒளி கூடுதல் தொலைவு கடந்து சிதறுவதால் சக்தியை மீண்டும் கூட்ட வேண்டியிருந்தது.

எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. பின்னணி வெளிச்சமானதும், மஞ்சள் விளக்குகளின் நிறம் அதில் அழுத்தமாகத் தெரியத் தொடங்கியது. பிளாஷின் மீது ஒளியின் நிறத்தை மாற்றும் ஆரஞ்சு நிற ஜெல் தாளைப் பொருத்தி, வெண் சமநிலையை (கேமராவின் நிறத் திருத்த அமைப்பை) மஞ்சள் விளக்கொளிக்கான டங்ஸ்டனுக்கு மாற்றிய பிறகே இரண்டு ஒளிகளும் ஒன்றாக இசைந்தன.