ஆறு வருடமாக மூலையில் நிற்கும் வீணை, நவராத்திரிக்கு வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பக்கசாரணி:

நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 37 வயது. வீடு ஸ்ரீரங்கம், வேலை ஜங்ஷன் பக்கம் ஒரு வங்கியில். ஒன்பது வயதில் வீணை ஆரம்பித்தேன், கல்யாணம் வரைக்கும் விடவில்லை. வானொலியில் ஆடிஷன் கொடுத்து பி கிரேடு வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் விடியற்காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். பாட்டி காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, டம்ளர் சத்தம்கூடக் கேட்காமல் போய்விடுவாள்.

பாப்பாவுக்கு இப்போது ஐந்தரை வயது. வீணையைப் படுக்க வைக்க இடமில்லாமல் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உறையோடு சாய்த்து வைத்திருக்கிறோம். உறையின் ஜிப் போய்விட்டதால் யாளித் தலை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும், பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை மாட்டுவது அதில்தான். வருடத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜைக்கு எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சுருதிகூடச் சேர்க்காமல் மறுநாள் திரும்ப மூலைக்கு.

போன வாரம் பக்கத்து அம்மன் கோயில்காரர்கள் வந்தார்கள். அக்டோபரில் நவராத்திரிக்கு ஒரு நாள் சாயங்காலம் முக்கால் மணி நேரம் நான் வாசிக்க வேண்டுமாம், மிருதங்கம் அவர்களே ஏற்பாடு செய்கிறார்களாம். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஆனால் வங்கியில் இருப்பவர்களுக்குத் தெரியும், செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு முடிகிற வரை ராத்திரி வீட்டுக்கு வருகிற நேரம் நம் கையில் இல்லை. வீட்டுக்காரர் மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை, வாரத்தில் மூன்று நாள் வெளியூர். மாமியாருக்கு அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன்.

அப்படியும் ஆசை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தூங்கிய பிறகு வீணையை எடுத்தேன். முதல் கம்பியான சாரணி துருப்பிடித்துக் கிடந்தது, திருச்சி வெயிலுக்கு மெழுகு இளகி, அதில் பதித்திருக்கும் மெட்டுக் கட்டைகளில் இரண்டு மூன்று அசைகிறது. ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசை பத்து நிமிடம் வாசித்திருப்பேன், ஆள்காட்டி விரல் நுனியில் கோடு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு பாத்திரம் தேய்க்கும்போது சோப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது பாருங்கள், எரிச்சலோடு ஒரு சந்தோஷமும் வந்ததுதான் என்னைக் குழப்புகிறது. இருக்கிற பாடுகளுக்கு நடுவில் இது தேவையா? வேலையோடும் குழந்தையோடும் வாசிக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஒத்துக்கொள்வதா, மறுப்பதா?

தொப்பிரவை:

ஒத்துக்கொள்ளுங்கள் அக்கா. நான் மிருதங்கம், துணை மின்நிலையத்தில் ஷிப்டு வேலை. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி, அதனால் தினமும் இத்தனை மணிக்குச் சாதகம் என்று எனக்கு ஒன்று கிடையவே கிடையாது.

மிருதங்கத்தில் ஒரு தொல்லை உண்டு. வாசிக்க உட்காரும்போதெல்லாம் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், அப்ப வேண்டும், நாதம் வரும் வரை கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் சேர்த்து, முடித்ததும் சுரண்டித் துடைத்து வைக்க வேண்டும். எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம் என்றால் பத்து நிமிடம் ரவைக்கே போய்விடும். இரண்டு வருடம் இதைச் சாக்காகச் சொல்லியே வாசிக்காமல் இருந்தேன். அப்புறம் ஒரு பழைய மிருதங்கத்தில் ரவைக்குப் பதிலாக ஒட்டுகிற செயற்கைப் பசையை அப்படியே விட்டுவைத்து, அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். நாதம் சுமார்தான். ஆனால் கை நீட்டினால் இருக்கிறது, சட்டை மாற்றுவதற்கு முன்னால் தீர்மானம் என்கிற முடிப்புச் சொற்கட்டு ஒன்றை வாசித்துவிட்டு எழுந்துவிடலாம்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த வீணையை மூலையிலிருந்து எடுப்பது. சாய்த்து வைத்தது போதும், ஒரு பலகையோ பழைய ஜமக்காளமோ போட்டுப் படுக்க வையுங்கள், மேலே ஒரு துணி, அவ்வளவுதான். உறைக்குள் இருக்கிற வாத்தியத்தை வேலைக்குப் போகிற யாரும் எடுக்க மாட்டார்கள். கம்பி ஏழையும் மாற்றிவிடுங்கள், மெட்டை வீணை வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். மெட்டு எல்லாவற்றையும் எடுத்துப் புது மெழுகில் பதித்து மொத்தமாக மேளம் கட்ட வேண்டும் என்றால் சில நாள் அவரிடமே விட வேண்டி வரும், அதனால் இப்போதே போங்கள், செப்டம்பரில் போய் நிற்காதீர்கள்.

விரலைப் பற்றி: மிருதங்கத்துக்கும் இதே கதைதான். முதல் மூன்று வாரம் நேரத்தை நீட்டாதீர்கள், தினமும் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் தோல் கிழிந்து அடுத்த நாலு நாள் தொட முடியாது, காய்ப்பு பிடிக்கவும் செய்யாது. வாத்தியம் இல்லாத நேரத்தையும் விடாதீர்கள். நான் ராத்திரி ஷிப்டில் மீட்டர் குறித்து முடித்த பிறகு கோர்வையை, அதாவது தாளக் கணக்கை, வாயால் சொல்லிக் கையில் தாளம் போடுவேன், காவலாளி ஆரம்பத்தில் பயந்துபோனார், இப்போது அவரே ஆதி தாளம் போடுகிறார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷனுக்குப் பேருந்தில்தானே போகிறீர்கள்? எந்த மெட்டில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கண்ணை மூடி ஒரு வர்ணத்தை மனதுக்குள் வாசித்துக்கொண்டே போகலாம், இரண்டு காலமும், அதாவது இரண்டு வேகத்திலும், முடியும்.

முக்கால் மணி நேரம் பெரிய விஷயமும் இல்லை. கை பழகிய வர்ணம் ஒன்று, சின்னதாக இரண்டு கிருதி, பத்து நிமிட ஆலாபனையோடு ஒரு பெரிய உருப்படி, மிருதங்கக்காரருக்கு ஐந்து நிமிடம் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாவாகச் சின்னப் பாட்டு ஒன்று. எல்லாமே இருபது வயதில் நீங்கள் வாசித்ததாக இருக்கட்டும். புதிதாக ஒன்றைப் பாடம் பண்ணுகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

ராத்திரி11மணி:

நான் எதிர்க்கட்சி. இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் வயலின். என் பையனுக்கு நாலு வயதாக இருந்தபோது இதே மாதிரி ஒரு கச்சேரியை ஆசைப்பட்டு ஒத்துக்கொண்டேன். பகலில் முடியாது, அதனால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு வில்லைக் கம்பியில் பட்டும் படாமலும் வைத்துச் சாதகம். ஒரு மாதத்தில் பகலில் சிடுசிடுவென்று ஆகிவிட்டேன். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் பையனுக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வயலினை எடுத்தேன். அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

மேடையில் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். கல்பனா ஸ்வரத்தில் பாட்டின் வரி தொடங்குகிற எடுப்புக்குத் தாளத்தோடு வந்து சேர முடியவில்லை, இரண்டு தடவை. மிருதங்க வித்வான் நல்லவர், தப்பு தெரியாமல் மூடிமறைத்துவிட்டார். எனக்குத்தான் அதற்குப் பிறகு ஒரு வருடம் பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை. மேடை இல்லாமல் தினமும் கொஞ்சம் வாசித்திருந்தால் அந்த ஒரு வருடம் போயிருக்காது என்று இன்றைக்கும் நினைப்பேன்.

உங்கள் பட்டியலைப் பாருங்கள்: அரையாண்டுக் கணக்கு, முழங்கால் ஆபரேஷன், வெளியூர் போகிற கணவர். நான்கு மாதம் என்று காலண்டர் சொல்கிறது, எனக்கென்னவோ ஆறு வாரம்தான் தேறும் என்று தோன்றுகிறது. அடுத்த வருடமும் நவராத்திரி வரும். இப்போது எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு நாலு பேர் கூடி வாசிக்கிறோம், தப்பு விட்டால் சிரித்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்வோம், பையன் நடுவில் உட்கார்ந்து கார் ஓட்டுவான். உங்களுக்கு இந்த வருடம் அப்படி ஒன்று போதாதா?

மூங்கில்:

நான் ரயில்வேயில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், புல்லாங்குழல். குழந்தைக்கு என் ஆசீர்வாதம். நேரம் இல்லை என்பதை நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். சங்கீத வித்வான் ஸ்ரீபாத பினாகபாணி மருத்துவர், கர்னூல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். மருத்துவ வேலைக்கு நடுவில்தான் பாடகர்கள் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, வோலேட்டி வெங்கடேஸ்வரலு போன்றவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், 1983இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதியும் ஆனார். நம் காலத்துப் பாடகர்களிலேயே சஞ்சய் சுப்ரமணியன் சி.ஏ. படித்தவர், சௌம்யா ஐ.ஐ.டி.யில் வேதியியல் படித்தவர். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு அம்மா. அதிகாலை நாலரைக்கு எழுந்து பாருங்கள்.

ராத்திரி11மணி:

மூங்கில் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். பினாகபாணி பெரிய மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சஞ்சயும் சௌம்யாவும் படிப்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சங்கீதத்துக்கே வந்தவர்கள், வங்கி கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு வாசிக்கிறவருக்கு அது எப்படி உதாரணம் ஆகும்? அப்புறம் நாலரை மணி. அந்த நாலரைக்கு எழுந்தால் அரிசி களைந்து குக்கர் வைப்பதா, சுருதி சேர்ப்பதா? நீங்கள் குழல் வாசித்த அந்த 34 வருடமும் உங்கள் வீட்டில் காலை டிபனை யார் செய்தார்கள்?

மூங்கில்:

நியாயமான கேள்வி. என் மனைவிதான். அவளும் நன்றாகப் பாடுவாள், கல்யாணத்துக்கு முன்னால் முறையாகக் கற்றுக்கொண்டவள். நிறுத்தியது எப்போது என்று நேற்று ராத்திரி கேட்டேன், நான் முதல் கச்சேரி பண்ணின வருடத்தைச் சொன்னாள். இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

பக்கசாரணி அம்மா, நாலரை மணி யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உங்கள் கணவர் ஊரில் இருக்கிற நாலு நாளில் ராத்திரி அரை மணி நேரம் சமையலறையும் குழந்தையும் அவர் பொறுப்பு என்று வாய்விட்டுக் கேளுங்கள். தானாகப் புரிந்துகொள்வார் என்று காத்திருக்க வேண்டாம், நாங்கள் புரிந்துகொள்ள மாட்டோம்.

தொப்பிரவை:

சார், இதைப் படித்ததிலிருந்து என் வீட்டிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

வயலின் அக்கா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. முக்கால் மணி நேரத்தை அரை மணியாகக் குறைத்துக் கேட்டுப் பாருங்களேன். கோயில்காரர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடனமும் வைத்திருப்பார்கள், அவர்களுக்கும் நேரம் தேவைப்படும்.

பக்கசாரணி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. மூங்கில் சார், உங்கள் இரண்டாவது பதிவை வீட்டுக்காரரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தார். சுமாராகத்தான் தேய்த்தார், நான் வாயைத் திறக்கவில்லை.

அரை மணி நேரம் என்று கேட்டேன், தொப்பிரவை தம்பி சொன்னது சரி, உடனே சம்மதித்தார்கள், பரதநாட்டியப் பிள்ளைகளை எங்கே நுழைப்பது என்று அவர்களே தவித்துக்கொண்டிருந்தார்களாம். அப்படியும் நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. மாமியார் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆகஸ்ட் கடைசியில் சொல்கிறேன் என்றேன். பரவாயில்லை, வேறு ஒரு மாமி பாடுவதற்குத் தயாராக இருக்கிறார் என்றார்கள். வயலின் அக்கா, இது உங்களுக்காக.

இரண்டாம் சனிக்கிழமை வங்கி விடுமுறை, அன்றைக்கு வீணையை ஆட்டோவில் மடியில் போட்டு எடுத்துப் போனேன். மேளம் கட்டுகிறவர் வயதானவர், பார்த்ததும் "யார் இதை நிற்க வைத்தது?" என்றுதான் முதலில் கேட்டார். அசைந்த நாலு மெட்டை மட்டும் புது மெழுகு வைத்துச் சரிசெய்து கொடுத்தார், மிச்சம் அடுத்த வருடம் வரை தாங்குமாம். புதுக் கம்பி போட்டு, நாலாவது கம்பியான அனுமந்தரம் வரை சுருதி சேர்த்து, விரலில் தொட்டுக்கொள்கிற எண்ணெய்க் கிண்ணத்தில் பஞ்சைப் புதிதாக நனைத்து வைத்து உட்கார்ந்தால், மூன்றாவது நாள் சாரணி அறுந்தது. அதிகமாக முறுக்கிவிட்டேன். கை மறந்திருக்கிறது, காது மறக்கவில்லை, அதுதான் கஷ்டம், ஒவ்வொரு தப்பும் கேட்கிறது.

இப்போது தினமும் இருபது நிமிடம் நடக்கிறது, சில நாள் அதுவும் இல்லை. போன வாரம் மூன்று நாள் தொடவே இல்லை. விரல் எரிவது நின்றுவிட்டது, நுனியில் லேசாகக் காய்ப்பு தட்டுகிறது. பாப்பா பை மாட்ட இடம் போய்விட்டது என்று இரண்டு நாள் சண்டை போட்டாள், இப்போது கதவுக் கொக்கியில் மாட்டுகிறாள், எட்டாததால் ஸ்டூல் போட்டுக்கொண்டு.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம் இருக்கிறது. என் வீணையின் சுருதி 3 கட்டை. கோயில்காரர்கள் ஏற்பாடு செய்கிற பையனிடம் இருப்பது பெண்கள் பாட்டுக்கு வாசிக்கிற 5½ கட்டை மிருதங்கம் மட்டும்தானாம். நான் வாசிப்பதாக முடிவானால் 3 கட்டைக்கு ஒரு தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கம் இரண்டு நாள் இரவல் கிடைக்குமா? திருச்சி பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தொப்பிரவை:

என்னிடம் ஒன்று இருக்கிறது அக்கா, ரவை போடுகிற மிருதங்கம். அந்த வாரம் எனக்குப் பகல் ஷிப்டு வந்தால் நானே கொண்டுவருகிறேன், ராத்திரி ஷிப்டு என்றால் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். ரவை மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள், பொடி ரவை.