ஸ்டோரேஜுக்கு இரண்டு லைன் போட்டும் சர்வர் நின்ற கதைகள்

சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்கு இரட்டைப் பாதை போட்டவர்கள், அது கைவிட்ட நாளையும் பார்த்திருப்பீர்கள். அந்த அனுபவங்களை இங்கே எழுதுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். என்ன நடந்தது, எப்படிச் சரியானது, அது போதும். முதல் கதை என்னுடையது.

ஒரு நூற்பாலையின் ஈஆர்பி (பில், சரக்கு, கணக்கு பார்க்கும் மென்பொருள்) சர்வர். லினக்ஸ், அதில் டேட்டாபேஸ், பின்னால் ஐஸ்கஸி (சாதாரண நெட்வொர்க்கிலேயே டிஸ்க்கைக் கொடுக்கும் முறை) வழியாக இரண்டு கன்ட்ரோலர் (ஸ்டோரேஜை நடத்தும் மூளை) உள்ள ஸ்டோரேஜ். முன்பு அமைத்துக் கொடுத்தவர்கள் சர்வரின் இரண்டு போர்ட்டையும் எல்ஏசிபி-யில் (பல கேபிளை ஒரே லிங்க் போல ஆக்கும் நெட்வொர்க் முறை) ஒன்றாகக் கட்டி, இரண்டு சுவிட்சையும் ஸ்டாக் செய்து ஒரே சுவிட்ச் போல ஆக்கியிருந்தார்கள். வேகம் ஒரு போர்ட்டின் அளவைத் தாண்டவே இல்லை. எல்ஏசிபி முகவரிகளிலிருந்து கணக்கிடும் ஹேஷ் எண்ணைப் பார்த்துத்தான் டிராஃபிக்கைப் பிரிக்கும். ஒரு டிசிபி இணைப்பு எந்த லிங்க்கில் ஏறியதோ அதிலேயேதான் போகும். அங்கே இருந்ததோ ஒரே செஷன், ஒரே இணைப்பு. இரண்டாவது கேபிள் சும்மா கிடந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சுவிட்சுக்கு ஃபர்ம்வேர் ஏற்றினார்கள். ஸ்டாக் அல்லவா, இரண்டும் சேர்ந்தே ரீபூட் ஆயின. அவை திரும்பி எழும்வரை சர்வருக்கு டிஸ்க்கே இல்லை. ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லிக்குப் போய்விட்டது, படிக்கலாம், எழுத முடியாது. காலை ஷிஃப்ட்டில் வந்தவர்கள் பில் போட முடியாமல் நின்றார்கள்.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் பிரித்தோம். ஸ்டாக்கைக் கலைத்து, ஒன்றுக்கொன்று கேபிளே இல்லாத இரண்டு தனி சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் தனி சப்நெட். சர்வரின் இரண்டு போர்ட்டும் தனித்தனி கார்டில், தனித்தனி ஐபியோடு, ஆளுக்கொரு சுவிட்சுக்கு. ஸ்டோரேஜில் ஒவ்வொரு கன்ட்ரோலரிலிருந்தும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு கேபிள். ஆக மொத்தம் நான்கு பாதை. சேர்த்துக் கட்டும் வேலை இனி நெட்வொர்க்குடையது இல்லை, பல பாதையை ஒரே டிஸ்க்காகக் காட்டும் லினக்ஸின் டிஎம்-மல்டிபாத்துடையது. ஒரே சப்நெட்டில் இரண்டு போர்ட் வைத்தால் லினக்ஸில் ‘இந்த ஐபி யாருடையது’ என்று கேட்கும் ஏஆர்பி-க்கான பதில் தப்பான போர்ட்டிலிருந்து போகும் தொல்லை உண்டு. இரண்டு சப்நெட்டாகப் போனதில் அதுவும் ஒழிந்தது.

முடித்துவிட்டு, டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கினோம். எல்லாம் உறைந்துவிட்டது. இரண்டு நிமிடம் தாண்டித்தான் உயிர் வந்தது. காரணம் லினக்ஸின் ஐஸ்கஸி மென்பொருளான ஓபன்-ஐஸ்கஸியில் இருக்கும் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட். டீஃபால்ட்டாக 120 விநாடி. அந்த நேரம் முழுக்க, செஷன் திரும்ப வரும் என்று ஐஸ்கஸி காத்திருக்கும். மேலே இருக்கும் மல்டிபாத்துக்குத் தகவலே போகாது. ஒரே பாதை இருக்கிற சர்வருக்கு அது நல்ல எண்ணம்தான். நான்கு பாதை இருக்கும்போது அது வெறும் தாமதம். 5 விநாடிக்குக் குறைத்தோம். பாதை செத்ததா என்று பார்க்கும் நோப்-அவுட் சோதனைக்கும் அதன் டைம்அவுட்டுக்கும் ஐந்தைந்து விநாடி. எல்லாம் சேர்த்தே 15 விநாடிக்குள் மாறிவிடுகிறது. ஒன்று கவனியுங்கள்: ஐஸ்கஸிடி கான்ஃப் ஃபைலில் மட்டும் மாற்றினால், இனி டிஸ்கவர் செய்யும் ஸ்டோரேஜ் பக்கத்து டார்கெட்டுகளுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே பதிந்திருக்கும் நோடு ரெக்கார்டுகளை (டார்கெட் வாரியாகச் சேமித்த அமைப்புகளை) ஐஸ்கஸிஅட்மின் கமாண்டால் தனியாக அப்டேட் செய்து, செஷனை வெளியேற்றி மறுபடி லாகின் செய்ய வேண்டும். ஃபைலை மாற்றியும் வித்தியாசம் தெரியவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

* * *

அண்ணா, எங்கள் பக்கம் ஃபைபர் சேனல், ஸ்டோரேஜுக்கென்றே தனி நெட்வொர்க். ஏ ஃபேப்ரிக், பி ஃபேப்ரிக் என்று இரண்டு வலை; சுவிட்சு, கார்டு, ஜோனிங் (யார் யாரைப் பார்க்கலாம் என்ற அமைப்பு) எல்லாமே தனித்தனி. பேப்பரில் குறையே சொல்ல முடியாது. சர்வர் ஒரு கட்டடம், ஸ்டோரேஜ் பக்கத்துக் கட்டடம். நடுவில் சாலை வேலைக்கு வந்த ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டு ஃபைபரையும் எடுத்துக்கொண்டு போனது. கேபிள் போட்டவர் குழி வெட்டும் செலவைப் பார்த்து இரண்டையும் ஒரே பைப்பில் விட்டிருந்தார். எங்கள் படத்தில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் கட்டடத்தின் இரண்டு பக்கமாகப் போகும். மண்ணுக்குள் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

இப்போது ஒன்று சாலைப் பக்கம், இன்னொன்று பின்பக்கச் சுவர் ஓரம். அதே வேகத்தில் ராக்கையும் சோதித்தோம். இரண்டு ஃபேப்ரிக் சுவிட்சின் பவர் கார்டும் ஒரே பிடியூவில் (ராக்கின் பவர் பட்டையில்) சொருகியிருந்தது! ஒரு பிரேக்கர் விழுந்தால் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை.

* * *

விஎம்வேர் ஆட்களுக்காக ஒன்று. ஜம்போ ஃபிரேம் போட்டிருந்தார்கள், எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 பைட். ஹோஸ்ட்டிலும் ஸ்டோரேஜிலும் சரியாக இருந்தது, முதல் சுவிட்சிலும் சரி. இரண்டாவது சுவிட்சில் மட்டும் 1500-லேயே விட்டுவிட்டார்கள். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பாத் பாலிசி ஃபிக்ஸ்டு. டிராஃபிக் எல்லாம் முதல் பாதையில். இரண்டாவது பாதையும் ஆக்டிவ் என்றுதான் காட்டியது. ஐஸ்கஸி லாகின் சின்னச் சின்ன பாக்கெட், அது போய்விடும். சாதாரண பிங்கும் போகும்.

முதல் சுவிட்ச் பழுதான அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. ஹோஸ்ட்டில் ஓடும் விஎம் (விர்ச்சுவல் மெஷின்) எல்லாம் இரண்டாவது பாதைக்குத் தாவின, டேட்டா எழுத ஆரம்பித்ததும் தொங்கிவிட்டன. பெரிய ஃபிரேமை சுவிட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுக்கொண்டிருக்கிறது, ஹோஸ்ட்டுக்கோ ஸ்டோரேஜுக்கோ பிழைச் செய்தியே இல்லை. பாதை செத்திருந்தால்கூட விட்டுவிடும். இது உயிரோடு இருப்பதுபோல் நடித்து ஆளைக் கொன்றது.

சோதிக்க, ஹோஸ்ட்டின் பிங் கமாண்டான விஎம்கேபிங்கில் மைனஸ் டி (வெட்டாதே), மைனஸ் எஸ் (அளவு) 8972 கொடுங்கள். 9000-த்தில் ஐபி ஹெட்டர் 20, ஐசிஎம்பி ஹெட்டர் 8 கழித்தால் 8972. அந்த மைனஸ் டி இல்லாவிட்டால், ஹோஸ்ட்டின் போர்ட்டிலேயே எம்டியு 1500 ஆக இருந்தால் பாக்கெட்டை வெட்டி அனுப்பி ‘எல்லாம் நலம்’ என்று சொல்லிவிடும். ஹோஸ்ட்டின் ஒவ்வொரு விஎம்கே (விஎம்வேரின் நெட்வொர்க்) போர்ட்டிலிருந்தும் ஒவ்வொரு டார்கெட்டுக்கும் தனித்தனியாக அடிக்க வேண்டும்.

ஸ்டோரேஜ் ஒத்துக்கொண்டால் ரவுண்ட் ராபின் வைத்துவிடுவதே நல்லது என்பது என் கட்சி. அதில் டீஃபால்ட்டாக ஆயிரம் ஐஓவுக்கு (படிப்பது, எழுதுவது) ஒருமுறை பாதை மாறும், எல்லாப் பாதையிலும் தினமும் வண்டி ஓடும். கோளாறு இருந்தால் அமைத்த முதல் நாளே கத்தும். ஏஎல்யூஏ வகைப் பெட்டியில் (ஒரு கன்ட்ரோலரின் பாதைக்கு முன்னுரிமை தரும் ஸ்டோரேஜ்) மட்டும், லன்னை (ஸ்டோரேஜ் கொடுக்கும் டிஸ்க்) கையில் வைத்திருக்கும் கன்ட்ரோலரின் பாதைகளில்தான் அது சுற்றும். மற்றவை நான்-ஆப்டிமைஸ்டு, ஓய்வில் இருக்கும். அவற்றைக் கையால்தான் சோதிக்க வேண்டும்.

* * *

விண்டோஸில் மல்டிபாத் வேலையைப் பார்க்கும் எம்பிஐஓ ஃபீச்சரை ஏற்றினால் மட்டும் போதாது. ஐஸ்கஸிக்கான சப்போர்ட் என்ற பெட்டியை டிக் செய்து ரீபூட் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒரே லன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாதைக்கு ஒன்றாகத் தனித்தனி டிஸ்க்காக நிற்கும். அப்படி நிற்கும் ஒன்றைப் ‘புது டிஸ்க்’ என்று நினைத்து ஃபார்மேட் செய்யப் போன ஒருவரை நான் நேரில் தடுத்திருக்கிறேன்.

* * *

ஒரு சந்தேகம் சார். எல்லாப் பாதையும் போய்விட்டால் கியூ போட்டுக் காத்திருக்கச் சொல்வதா, பிழை கொடுக்கச் சொல்வதா? எங்கள் சீனியர் ‘கியூ இஃப் நோ பாத்’ போடச் சொல்கிறார்.

* * *

தம்பி, அது சர்வரைப் பொறுத்தது. கியூ போட்டால் டேட்டா கெடாது, ஆனால் பாதை வரும்வரை பிராசஸ் எல்லாம் டி ஸ்டேட்டில் (ஐஓ முடியக் காத்திருக்கும் நிலை) தொங்கும், கில் செய்தாலும் சாகாது. கிளஸ்டர் (ஒரு நோடு, அதாவது சர்வர், விழுந்தால் இன்னொன்று வேலையை எடுக்கும் கூட்டம்) என்றால் அது ஆபத்து. நோடு செத்ததும் இல்லை, உயிரோடும் இல்லை, இன்னொரு நோடு வேலையை எடுப்பதும் தள்ளிப்போகும். அங்கே சீக்கிரம் பிழை கொடுத்து ஒதுங்கிவிட வேண்டும். தனி சர்வருக்கு நான் நடுவழி பார்ப்பேன். நோ பாத் ரீட்ரையில் 12 என்று போட்டு, போலிங் இன்டர்வல் (பாதையைச் சோதிக்கும் இடைவெளி) 5 விநாடி என்றால் ஒரு நிமிடம் பொறுக்கும், அப்புறம் கைவிடும். சுவிட்சு ரீபூட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு அந்த 12-ஐ மாற்றிக்கொள். முதலில் சொன்ன எங்கள் ஆலையில் ஃபர்ம்வேர் ஏற்றிய சுவிட்ச் எழுந்து வர ஒரு நிமிடம் போதவில்லை.

கன்ட்ரோலர் ஃபர்ம்வேரிலும் இதே கதைதான். முதல் கன்ட்ரோலர் மேலே வந்துவிட்டது என்று ஸ்டோரேஜின் ஸ்கிரீன் சொல்லும், அதற்குள் சர்வரில் செஷன் திரும்பி லாகின் ஆகியிருக்காது. அந்த இடைவெளியில் இரண்டாவதை ரீபூட் செய்தால் நான்கு பாதையும் ஒன்றாகப் போகும். அதனால் மல்டிபாத் மைனஸ் எல்எல் அடித்து, நான்கு வரியிலும் ‘ஆக்டிவ் ரெடி ரன்னிங்’ வந்தால்தான் அடுத்ததைத் தொடுவோம். வெண்டர் ஆள் போனில் அவசரப்படுத்தினாலும் சரி.