புதுப்பிப்பு: பீட்டா டிசைன் கருவியில் தமிழ் எழுத்து சரியாகிவிட்டது

பலர் சேர்ந்து உலாவியிலேயே வரையும் ஒரு டிசைன் கருவியின் பீட்டாவில் (சோதனைப் பதிப்பில்) ‘கொ’, ‘போ’ எல்லாம் கொம்பு தனி, கால் தனி என்று சிதறுவதாக முன்பு எழுதியிருந்தேன். புதிய பதிப்பில் சரியாகிவிட்டது, ரொம்ப சந்தோஷம்!

இந்தக் கருவி வெப்ஜிஎல் (உலாவிக்குள் கிராஃபிக்ஸ் வரைய உதவும் தொழில்நுட்பம்) வழியாகத் திரையைத் தானே வரைகிறது. அதனால் எழுத்தின் பகுதிகளைச் சரியான இடத்தில் சேர்த்துக் கோக்கும் வேலையை உலாவி இயல்பாகச் செய்துதரும், அது இங்கே கிடைக்காது. அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரலகத்தைத் தனியாகச் சேர்த்தால்தான் கொம்பு மெய்க்கு முன்னால் போய் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் தட்டிப் பார்ப்பவர் கண்ணில் இந்தக் குறை படவே படாது. பீட்டாவில் இருப்பவர்கள் தயவுசெய்து தமிழிலும் தட்டிப் பாருங்கள்.

அப்புறம், ஒரே உரைப்பெட்டியை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் சர்வருக்குக் கடைசியாகப் போனது மட்டுமே நிற்கிறது. நிறம், அளவுக்கு இது சரி, உரைக்குப் போதாது. அடுத்து அதைத்தான் கருவியை உருவாக்குபவர்களுக்கு எழுதி அனுப்புகிறேன்.